விட்டுப்போன வாசிப்பைத் திருப்பிப் பிடிக்க: ஒரு விளையாட்டு வரலாறு, ஒரு பழைய துப்பறியும் கதை

போன கச்சான் காத்துக் காலம் முழுக்க நான் வாசிச்சது ரெண்டே ரெண்டு வகைதான், ஒண்டு விளையாட்டு வரலாறு, மற்றது அந்தக் காலத்தில இங்கிலீஷ்ல பெடியன் பெட்டையளுக்கெண்டு எழுதின துப்பறியும் கதை, இந்த ரெண்டையும் மாறி மாறி வாசிச்சதாலதான் நாலைஞ்சு வருசமா நிண்டுபோயிருந்த வாசிப்பு எனக்குத் திரும்ப வந்தது. எப்பிடி எண்டு கேக்கிற ஆக்களுக்காக எழுதுறன்.

முதல் வேலை, ரெண்டையும் சோடியா எடுங்க. துப்பறியும் கதையில முடிவு தெரியாது, அதாலதான் கை தானா பக்கத்தைப் புரட்டும். விளையாட்டு வரலாற்றில ஆர் வெண்டதெண்டு முதலே தெரியும், தெரிஞ்சும் நெஞ்சு அடிக்கும் பாருங்க, அந்த ருசி வேற. ஒண்டு அலுத்தா மற்றதுக்குப் போகலாம், போனுக்குப் போகத் தேவையில்லை.

விளையாட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்தில தொடங்க வேணாம். நல்லாத் தெரிஞ்ச ஒரு மெட்ச் எங்க வருதெண்டு தேடி அங்க தொடங்குங்க. எங்களுக்கு அது 1996 மார்ச் 17, லாகூரில இலங்கையும் அவுஸ்திரேலியாவும் ஆடின கிரிக்கெட் உலகக் கிண்ண பைனல். அரவிந்த டி சில்வா 107 அடிச்சு அவுட்டாகாம நிண்டதும் 3 விக்கெட் எடுத்ததும் எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுக்கு முந்தி நடந்த 5 உலகக் கிண்ண பைனல்லயும் முதல்ல பெட் பண்ணின டீம்தான் வெண்டது, அதை மனசில வச்சுக்கொண்டு, டொஸ் வெண்ட எங்கட கப்டன் அர்ஜுன அவுஸ்திரேலியாவைப் பெட் பண்ணச் சொன்ன இடத்தை வாசிச்சுப் பாருங்க, பிறகு 242 எடுக்க இறங்கி 23க்கு 2 விக்கெட் போன இடத்தையும். ஸ்கோர்கார்டைப் பக்கத்தில வச்சுக்கொண்டு வாசிச்சா இன்னும் நல்லம். வீட்டில அண்டைக்கு மெட்ச் கேட்ட பெரியாக்கள் இருந்தா முதல் அவங்களிட்டக் கேளுங்க, எங்கட பெரியப்பா பற்றரி ரேடியோவை மடியில வச்சுக் கேட்ட கதையைச் சொன்ன பிறகுதான் எனக்கு அந்த அத்தியாயமே விளங்கினது.

அடுத்தது, இலக்கம் வந்தா சும்மா கடந்து போகாதீங்க. ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ல பாக்குநீரிணையைப் போய்வர நீந்த 51 மணித்தியாலம் எடுத்தவர். அந்த வரியை வாசிச்சிட்டு எங்கட திருகோணமலை டச்பே கரையில போய்க் குந்துங்க. வெள்ளிக்கிழமை காலமை 6 மணிக்கு ஒராள் கடல்ல இறங்கினா ஞாயிறு காலமை 9 மணிக்குத்தான் கரை, இடையில ரெண்டு ராத்திரி. அப்பிடி யோசிச்சாத்தான் அந்த மனுசன் 1984ல ஆங்கிலக் கால்வாயை நீந்தப்போய் அதிலயே உயிரை விட்டதைப் படிக்கேக்க தொண்டை அடைக்கும். அதே மாதிரி 1954 மே 6, ஒக்ஸ்போர்ட்டில ரோஜர் பனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிசம் 59.4 செக்கனில ஓடினது. எங்கட மக்கெய்சர் மைதானத்தில ஒரு 400 மீற்றரை 60 செக்கனில ஓட ஏலுமோ பாருங்க, அவர் அதை விடாம நாலு தரம் ஓடினவர். 46 நாளில ஜோன் லண்டி அந்த ரெக்கோர்டையும் முறிச்சார், பிறகு ஓகஸ்டில வன்கூவரில ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஓடினபோது முன்னால போன லண்டி இடப்பக்கம் திரும்பிப் பாக்க பனிஸ்டர் வலப்பக்கத்தால முந்திப் போயிட்டார். இதைவிட மர்மக் கதை வேணுமா?

எங்கட ஆக்களின்ட வரலாறு கடைப் புத்தகத்தில குறைவு. 1958ல டோக்கியோ ஆசிய விளையாட்டில உயரம் பாய்தலில தங்கம் எடுத்த எதிர்வீரசிங்கத்தைப் பற்றி எத்தினை பிள்ளையளுக்குத் தெரியும்? இப்பிடியான ஆக்களைத் தேட நூலகம் எண்ட இணையத்தளத்துக்குப் போங்க, பழைய பாடசாலை மலர், சஞ்சிகை எல்லாம் ஸ்கேன் பண்ணி இலவசமா வச்சிருக்கிறாங்க, எனக்கு அது பெரிய பொக்கிசம்.

இனித் துப்பறியும் கதை. ஹார்டி போய்ஸ் எண்ட அமெரிக்கக் கதைத் தொடர் 1927ல, நான்சி ட்ரூ எண்ட பெட்டை துப்பறியிற தொடர் 1930ல தொடங்கினது. ரெண்டையும் உருவாக்கினது எட்வர்ட் ஸ்ட்ரேட்மேயர் எண்டவர், அவர் கதையின்ட சுருக்கத்தை எழுதிக் குடுக்க வேற ஆக்கள் புத்தகமா எழுதினாங்க. நான்சி ட்ரூ அட்டையில எழுத்தாளர் எண்டு இருக்கிற கரோலின் கீன் எண்ட பேரில ஒராளும் இல்லை, முதல் 30 நான்சி ட்ரூவில 23ஐ எழுதினது மில்ட்ரட் பென்சன் எண்ட பொம்பிளை. இந்தப் புத்தகங்களில அத்தியாயம் முடியிற இடத்தில ஆராவது கதவைத் தட்டுவாங்க, இல்லாட்டி வெளிச்சம் அணையும், வாசிக்கிற ஆள் விடக்கூடாதெண்டு வேணுமெண்டே செய்த வேலை அது. அதனால ராத்திரி நித்திரை வேணுமெண்டா அத்தியாய முடிவில மூடப் பாக்காதீங்க, அது நடக்காது. அடுத்த அத்தியாயத்தில ரெண்டு மூண்டு பக்கம் போய் பரபரப்பு அடங்கின இடத்தில மூடுங்க.

வாங்கேக்க அத்தியாயத்தை எண்ணிப் பாருங்க. பழைய நான்சி ட்ரூவில 25 இருக்கும், 1959 தொடக்கம் திருத்தி எழுதினதில 20. பழசில நான்சிக்கு 16 வயசு, புதுசில 18. பழசில கறுப்பின ஆக்களைப் பற்றி மோசமா எழுதின இடங்களும் இருக்கு, பிள்ளையளுக்குக் குடுக்கிறதுக்கு முதல் நீங்க வாசியுங்க. ஆனா கதையின்ட வேகமும் துணிச்சலான நான்சியும் எனக்குப் பழசிலதான் பிடிச்சது.

தமிழ் மீடியத்தில படிச்ச ஆக்கள் பயப்பிட வேணாம், லேசான இங்கிலீஷ்தான். தெரியாத சொல்லுக்குப் பென்சிலால ஒரு கோடு போட்டிட்டு ஓடுங்க, டிக்ஷனரியைப் பிறகு பாக்கலாம். அதுவும் கஸ்டமெண்டா தமிழ்வாணனின்ட சங்கர்லால், இல்லாட்டி 1972ல முத்து காமிக்ஸ் தொடங்கி வச்ச இரும்புக்கை மாயாவி, இதுகளில தொடங்கலாம்.

புத்தகத்துக்கு முதல் டவுன் பொது நூலகத்தைப் பாருங்க. கொழும்புக்குப் போற வேலை வந்தா ராத்திரி மெயில் ரெயின்ல போய் விடியக் கோட்டை ஸ்டேசனில இறங்கி, டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையள் திறக்கிற வரைக்கும் நிண்டு பாத்திட்டு வாங்க. வாங்கி வந்த பழசை மாரி மழைக்கு முதல் நிழல்ல காயவிட்டு, காஞ்ச வேப்பிலை ரெண்டு மூண்டு இடையில வச்சு, சுவரோட ஒட்டாம அடுக்குங்க. பொலித்தீனில இறுக்கிக் கட்ட வேணாம், உள்ளுக்கு ஈரம் நிண்டா பூஞ்சணம் பிடிச்சிடும்.