டிடிஎஸ் மீட்டரை ஓரமாக வையுங்கள்: குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மையைச் சொட்டுக் கிட்டில் அளக்கும் முறை

டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்தவற்றின் மொத்த அளவைச் சொல்லும் பேனா போன்ற கருவி) 600 காட்டினால் தண்ணீர் கடினம் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தப் பேனா பார்ப்பது மின்கடத்துதிறனைத்தான். சமையல் உப்பைக் கரைத்தாலும் 600 காட்டும், அதில் சோப்பு தாராளமாக நுரைக்கும். சோப்பைத் திரியவைத்து ஹீட்டரில் வெள்ளையாகப் படிவது கால்சியமும் மக்னீசியமும். மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு பாறையிடுக்குகளில் இறங்கும்போது இவற்றைக் கரைத்துவிடுகிறது. அதனால்தான் நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம்.

தேவையானவை

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஜிஎச், கேஎச் சொட்டுக் கிட்டுகள், ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச், கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர். ஜிஎச் மொத்தக் கடினத்தன்மையைக் காட்டும், கேஎச் பைகார்பனேட்டை. தாள் ஸ்ட்ரிப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. நிறக் கட்டங்களுக்கு இடையே 100 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இடைவெளி இருந்தால், அதை வைத்து சாஃப்ட்னரை (கடினத்தன்மையை நீக்கும் கருவியை) எப்படி செட் செய்வது?

1. மாதிரி எடுத்தல்

ஆர்.ஓ., சாஃப்ட்னர், மேல்நிலைத் தொட்டி எதையும் தொடாமல் நேரடி இணைப்பில் வரும் குழாயைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, காற்றிடைவெளி இல்லாமல் மூடுங்கள். பாதி நிரம்பிய பாட்டிலில் கரியமில வாயு வெளியேறும், பிஎச் ஏறும், கால்சியம் கார்பனேட் அடியில் படியும். அதற்குப் பிறகு அளந்தால் எண் குறைவாகத்தான் வரும். அடியில் வெள்ளைத் தூள் தெரிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். அன்றைக்கே அளந்துவிடுவது நல்லது.

2. ஜிஎச்: கவனம் தேவைப்படும் இடம்

கிட்டின் சோதனைக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, கிட்டின் கரைசலை ஒரு சொட்டு விட்டுக் குலுக்கி, எண்ணிக்கொண்டே போகவேண்டும். பெரும்பாலான கிட்டுகளில் ஒரு சொட்டு என்றால் ஒரு ஜெர்மன் டிகிரி, அதாவது 17.8 பிபிஎம் (கால்சியம் கார்பனேட் கணக்கில்). உங்கள் கிட்டின் தாளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தவறு நடப்பது கடைசி இரண்டு மூன்று சொட்டில். சிவப்பு ஒரே சொட்டில் பச்சையாகவோ நீலமாகவோ மாறிவிடாது. நடுவே ஒரு மங்கிய, அழுக்கு நிறம் வரும். அதை முடிவு என்று எண்ணி நிறுத்துபவர்கள் அதிகம். சிவப்பின் சாயல் துளியும் இல்லாமல் போகும்வரை தொடருங்கள், ஒவ்வொரு சொட்டுக்கும் பிறகு பத்து நொடி பொறுத்து. தண்ணீர் சில்லென்றிருந்தால் மாற்றம் மெதுவாக வரும், அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். அதற்காக முழுச் சோதனையையும் இழுத்தடிக்கவும் கூடாது. கரைசல் காரத்தன்மை கொண்டது, ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் கால்சியம் படிய ஆரம்பிக்கும்.

சொட்டு பாட்டிலை நேர்செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். 20 சொட்டைத் தாண்டுகிறதா? 2.5 மில்லி மாதிரியோடு 2.5 மில்லி வடித்த நீர் சேர்த்து அளந்து, விடையை இரண்டால் பெருக்குங்கள்.

கிட் நம்பகமானதா என்று பார்க்க, கால்சியமும் மக்னீசியமும் அச்சிட்ட பாட்டில் தண்ணீர் போதும். கால்சியத்தை 2.5 ஆலும், மக்னீசியத்தை 4.1 ஆலும் பெருக்கிக் கூட்டினால் வரவேண்டிய பிபிஎம் கிடைக்கும்.

3. கேஎச்

அதே முறை. நீலம் மஞ்சளாக மாறும், இதில் குழப்பமில்லை.

4. கணக்கு

ஜிஎச் 22 சொட்டு, கேஎச் 14 என்று வைத்துக்கொள்வோம். சொட்டை 17.8 ஆல் பெருக்கினால் மொத்தம் 392 பிபிஎம். 180-க்கு மேல் போனாலே மிகக் கடினம். இதில் கேஎச் காட்டும் 249 தற்காலிகக் கடினத்தன்மை: கொதிக்கவைத்தால் பெரும்பகுதி படிந்துவிடும், கெட்டிலின் வெள்ளைப் பூச்சு இதுதான். மீதி 143 நிரந்தரம், கொதிக்கவைத்தாலும் போகாது. கேஎச், ஜிஎச்சைவிட அதிகமாக வந்தால் கிட் பழுது என்று பயப்படாதீர்கள். சோடியம் பைகார்பனேட் கலந்த நீர் அப்படித்தான் காட்டும், அதில் நிரந்தரக் கடினத்தன்மை கிடையாது.

5. என்ன செய்வது

குளியல், துவைப்பு, ஹீட்டருக்கு ரெசின் (கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் மணிகள்) சாஃப்ட்னர். குழாயில் கட்டும் காந்தக் கருவிகள் கால்சியத்தை வெளியே எடுப்பதில்லை. மாட்டிய பிறகும் ஜிஎச் அதே எண்ணைத்தான் காட்டும். சாஃப்ட்னர் ஒவ்வொரு பிபிஎம் கடினத்தன்மைக்கும் லிட்டருக்கு 0.46 மில்லிகிராம் சோடியம் சேர்க்கிறது, 392-க்கு சுமார் 180 மில்லிகிராம். ஆகவே குடிக்கும் குழாயை அந்த இணைப்பிலிருந்து பிரித்துவிடுங்கள். “சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் குறையவில்லை” என்பது புகாரே அல்ல. கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்திருக்கிறது. முதல் சொட்டிலேயே ஜிஎச் முடிவு நிறம் வந்தால் சாஃப்ட்னர் சரியாக வேலை செய்கிறது.

பின்னர் சேர்த்தது

காலையில் ஒரு எண், மாலையில் வேறு எண் வருகிறதா? பல கிணறுகளின் நீரைக் கலந்து விநியோகிக்கும் இடங்களில் எந்தக் கிணறு ஓடுகிறதோ அதற்கேற்ப மாறும். வெவ்வேறு நேரங்களில் அளந்து, கூடிய எண்ணுக்கு சாஃப்ட்னரை செட் செய்யுங்கள்.

எத்தனை சொட்டு விட்டாலும் நிறம் தெளியவில்லையா? இரும்போ செம்போ குறுக்கிடலாம். தெளிவாகப் பிடித்த தண்ணீரைத் திறந்து வையுங்கள். சில மணி நேரத்தில் பழுப்பேறினால் இரும்புதான். ரெசினுக்கு முன்னால் இரும்பு வடிகட்டி வேண்டும், இல்லையேல் ரெசின் பூசப்பட்டுக் கெட்டுவிடும்.

நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக் மூன்றையும் இந்தக் கிட்டுகள் காட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள் லிட்டருக்கு முறையே 50, 1.5, 0.01 மில்லிகிராம். இவற்றுக்கு ஆய்வகம்தான். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

படிவை நீக்க சிட்ரிக் அமிலம் போதும், ஆனால் குளிர்ந்த நீரில் கலக்குங்கள். சூடாக்கினால் கால்சியம் சிட்ரேட் படிந்து, பழைய பூச்சின் மேல் புதுப்பூச்சு ஏறும்.