முட்டைப் பெட்டியும் ஒரு பிடி கடலையும்: பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் பேச நான்கு வழிகள்

சிங்கப்பூரில் பாலர் பள்ளியிலோ தொடக்கநிலை ஒன்றிலோ பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே புலம்பல்தான்: "தமிழில் சொன்னால் புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது." இதற்காக நம்மில் பலர் இணையத்தில் பயிற்சித்தாள் தேடி, அச்சிட்டு, வெட்டி, லேமினேட் பண்ணி முடிப்பதற்குள் ராத்திரி பதினொன்றாகிவிடும். மறுநாள் பிள்ளை அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிவிடும்.

என் கணக்கு வேறு. தயார் செய்ய ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடித்தால் அது எனக்குச் சரிவராது. அதைவிட முக்கியம், தமிழ் பேசினால்தான் ஆட்டம் நகர வேண்டும். "முதலில் பத்துச் சொல் எழுது, அப்புறம் விளையாடலாம்" என்றால் எது பாடம், எது விளையாட்டு என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கீழே உள்ள நான்கில் முதலாவதை நிதானமாகப் படியுங்கள். மற்றவை சுலபம்.

1. முட்டைப் பெட்டிப் பல்லாங்குழி

பல்லாங்குழிப் பலகையில் வழக்கமாகப் பதினான்கு குழி. நமக்குப் பத்து போதும். பேரங்காடியில் வாங்கும் பத்து முட்டைப் பெட்டி காலியானதும் மூடியை வெட்டி எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஐந்து, பலகை ரெடி. சோழிக்குப் பதிலாகக் கொண்டைக்கடலை ஐம்பது. மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால், அவர்கள் தூங்கும் நேரமாகப் பார்த்து விளையாடுங்கள். கடலை வாய்க்குத்தான் போகும்.

ஆடும் முறை:

முதல் படி: குழிக்கு ஐந்து கடலை. பிள்ளையையே போடச் சொல்லுங்கள். "பத்துக் குழி, குழிக்கு அஞ்சு, மொத்தம் எத்தனை?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். விடை வராவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டாம் படி: ஆடுபவர் தன் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியை மொத்தமாக அள்ளி, வலப்பக்கமாக அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். தன் பக்கம் முடிந்தால் எதிராளி பக்கம், அப்படியே சுற்றி வரலாம்.

மூன்றாம் படி: கைக் கடலை தீர்ந்ததும், அதற்கு அடுத்த குழியை அள்ளி மறுபடி போட வேண்டும். இப்படியே தொடரும்.

நான்காம் படி: கை காலியாகி, அடுத்த குழியும் காலியாக இருந்தால், அந்தக் காலிக் குழியைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதிலும் ஒன்றுமில்லை என்றால் வெறுங்கைதான். எப்படியானாலும் ஆட்டம் எதிராளிக்குப் போகும்.

தமிழ் எங்கே வருகிறது? ஒவ்வொரு கடலை போடும்போதும் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ண வேண்டும். ஆங்கிலத்தில் எண்ணினால் ஆட்டம் போச்சு, அடுத்தவர் முறை. இந்த விதி பெரியவர்களுக்கும் உண்டு. நாம் "செவன்" என்று உளறும்போது பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

சரியாக ஆடுகிறீர்களா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. குழிக்கு ஐந்து போட்டு ஆட்டத்தைத் தொடங்குபவர், தன் முதல் முறையில் எந்தக் குழியிலிருந்து தொடங்கினாலும், ஆறு முறை அள்ளிப் போட்ட பிறகு, கடைசியில் அவருக்குக் கிடைப்பது எட்டுக் கடலை. எல்லாக் குழியிலும் ஐந்தைந்துதான் இருக்கிறது என்பதால் எங்கே ஆரம்பித்தாலும் அதே கதைதான். எட்டு வரவில்லையென்றால் நடுவில் எங்கோ ஒரு குழியைத் தாண்டிவிட்டீர்கள். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது ஆட்டத்திலோ மூன்றாவது ஆட்டத்திலோ "மறுபடியும் எட்டா?" என்று அதுவே கேட்கட்டும்.

ஒருவர் பக்கத்தில் எல்லாக் குழியும் காலியானால் ஆட்டம் முடிந்தது. எதிர்ப்பக்கத்தில் மிச்சமிருப்பது அந்தப் பக்கத்துக்காரருக்கு. பிறகு எண்ணிப் பார்த்து யார் கையில் அதிகம் என்று முடிவு செய்யுங்கள். பழகிய பிறகு "பசு" விதியைச் சேர்க்கலாம்: எந்தக் குழியிலாவது சரியாக நான்கு சேர்ந்தால், அந்தக் குழிக்காரர் உடனே "பசு!" என்று சொல்லி எடுத்துக்கொள்வார்.

பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகள் வந்தால் இன்னும் நல்லது. பல்லாங்குழி போலவே அவர்கள் ஆடும் சொங்காக் தெரிந்திருக்கும். அதில் ஆளுக்கொரு பெரிய குழி உண்டு, தன் குழியைக் கடக்கும்போது அதிலும் ஒன்று போட வேண்டும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களே பேசி முடிவு செய்வார்கள். நாம் நடுவில் போக வேண்டியதில்லை.

2. எங்கே ஒளித்தேன்?

தயாரிப்பு எதுவும் இல்லை. ஒரு சின்ன பொம்மையை வீட்டில் எங்காவது ஒளித்துவிட்டு உட்காருங்கள். பிள்ளை எழுந்து தேடக்கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கலாம்: "சோபாவுக்குக் கீழேயா?" "குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேயா?" "செருப்பு அலமாரிக்குப் பின்னாலயா?" நீங்கள் ஆம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். பத்துக் கேள்விக்குள் கண்டுபிடித்தால் பிள்ளைக்கு வெற்றி.

உட்கார்ந்த இடத்திலேயே கேட்க வைப்பதுதான் இதில் சூட்சுமம். ஓடித் தேடவிட்டால் வாய் திறக்காது. வெறும் "சோபா?" என்று கேட்டால் "சோபாவுக்கு எங்கே?" என்று திருப்பிக் கேளுங்கள். கீழே, மேலே, உள்ளே, நடுவில் எல்லாம் தானாக வரும். பாம் ஷெல்டரை (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையை) மட்டும் ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம். அந்த இரும்புக் கதவில் விரல் மாட்டினால் வம்பு.

3. தேக்கா கடை

தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் போனாலும் இப்போதெல்லாம் கார்டைத் தட்டுகிறோம், இல்லாவிட்டால் கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணம் அனுப்புகிறோம். பிள்ளைகள் சில்லறையைக் கையில் எடுப்பதே அபூர்வம். அதனால் முதலில் நாணயங்களைக் கழுவித் துடைத்துப் பரப்புங்கள். 2013-ல் வந்த வரிசையில் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு படம் உண்டு: 5 காசில் எஸ்பிளனேட், 10 காசில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகள், 20 காசில் சாங்கி விமான நிலையம், 50 காசில் துறைமுகம், ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தில் மெர்லயன் என்ற சிங்கத்தலை மீன். மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் படம் விழும். "நம்ம வீடு எந்தக் காசில் இருக்கு?" என்று கேட்டால் அங்கேயே கால்மணி நேரம் ஓடிவிடும்.

அப்புறம் கடை. பேரங்காடி விளம்பரத் தாளை விரித்தால் அதுதான் சரக்கு. 2.95 போன்ற விலைகளை மார்க்கரால் அடித்து 3 வெள்ளி என்று எழுதிவிடுங்கள். பிள்ளை கடைக்காரர், நீங்கள் வாடிக்கையாளர். "அண்ணே, முட்டை என்ன விலை?" என்று தொடங்குங்கள். பேரம் பேசுங்கள். "அம்பது காசு குறைச்சுக்கங்க" என்றால், அந்தக் கடைக்காரர் பெரும்பாலும் முறைப்பார்.

4. வெளியே போகும்போது

கையில் ஒன்றும் வேண்டாம். புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணே போதும். 347 என்றால்: மூன்றையும் நான்கையும் ஏழையும் கூட்டு, பதினான்கு. அதே இலக்கங்களை மாற்றிப் போட்டு வரும் பெரிய எண் எது? எழுநூற்று நாற்பத்து மூன்று. விடையைத் தமிழில் சொன்னால்தான் செல்லும். நூற்றுக்கு மேல் எண்களைச் சொல்ல நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்பது நிஜம், அதனால் முதலில் நீங்கள் சொல்லிக் காட்டுங்கள்.

எம்ஆர்டி ரயிலில் சொல் சங்கிலி ஆடலாம். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அப்படியே ஆடினால் இரண்டாவது சொல்லிலேயே மாட்டிக்கொள்வீர்கள். "மரம்" என்பது "ம்"-இல் முடிகிறது, அந்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஆகவே புள்ளியை எடுத்துவிட்டு ம வரிசையில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மரம், மயில், லாரி, ரம்பம், மீன்... இப்போது ன். ன, ண, ள, ழ, ற எழுத்துகளில் சொல் தொடங்குவதில்லை. அப்படி ஒன்று வந்தால் அதற்கு முந்தின எழுத்துக்குப் போங்கள். மீனில் "மீ" இருக்கிறது, மீசை என்று தொடரலாம். எதிராளியை வேண்டுமென்றே "ள்"-இல் மாட்டிவிடலாமா கூடாதா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரயிலில் சண்டை வரும்.