வவுனியாவிலிருந்து மன்னாருக்கு மோட்டார் சைக்கிளில்: முதன்முதலாகப் போகும் சோடிகளுக்கு

கலியாணம் கட்டியும் இரண்டு பேருமாக எங்கும் போகவில்லையே என்று கவலைப்படுகிற ஆட்களுக்கு நான் கை காட்டுவது மன்னாரைத்தான். ஏறக்குறைய 80 கிலோமீற்றர், வழி நெடுக வயலும் குளமும் காடும், முடிவில் கடல். நானும் இவரும் அடிக்கடி போகிற பாதை இது. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள்: திட்டத்தைப் பின்னால் இருக்கிறவருக்காகப் போட வேண்டும். ஓட்டுகிறவருக்குக் கவனிக்க வீதி இருக்கிறது, பின்னால் இருக்கிறவருக்கு வெயிலும் குலுக்கமும்தான். அவர் களைத்துவிட்டால் பயணமே களைத்துவிடும்.

1. மாதம்

மாசி, பங்குனி நல்லது. மாரி மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும், மன்னாருக்குக் கிட்ட வங்காலைப் பக்கம் பூநாரைகளும் பெரும்பாலும் நிற்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கிவிடும், புதிதாகப் போகிறவர்களுக்கு அது சரிவராது.

2. புறப்படுவதற்கு முதல் நாள்

இரண்டு பேர் ஏறினால் பின் ரயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். அளவு செயின் கவரிலோ கையேட்டிலோ இருக்கும். பிரேக், செயின், லைற் பார்த்து, பெற்றோலை வவுனியாவிலேயே நிரப்புங்கள். லைசன், இன்சூரன்ஸ், வரிப்பத்திரம், அடையாள அட்டை, இரண்டு ஹெல்மெட். பின்னால் பெண் இருந்தால் சேலை வேண்டாம், சால்வையையும் முடிந்து கட்டுங்கள், தலைப்பு சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. முழங்கால் மூடிய உடுப்பென்றால் கோயிலுக்கும் அதுவே போதும்.

அப்புறம், சைகை. ஹெல்மெட்டுக்குள் காற்றில் ஒன்றும் கேட்காது. தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் நிற்பாட்டு. ஏன், எதற்கு என்று கேட்காமல் நிற்பாட்ட வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

3. புறப்பாடு

விடியற்காலை இருட்டு விலகியதும் வெளிக்கிடுங்கள். குருமன்காடு, நெளுக்குளம், பூவரசங்குளம் என்று போகும் வீதி பறயனாலங்குளத்தில் மதவாச்சி வீதியோடு சேரும். அங்கே வலப்பக்கம் திரும்பினால் நேரே மன்னார்தான்.

அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும். ஓரத்தில் கல்லோ தடியோ வைத்திருப்பார்கள், ஆனால் வளைவில் அது கிட்டப் போனபிறகுதான் தெரியும். நெல்லின் மேல் சக்கரம் ஏறினால் மணலில் போவதுபோல வழுக்கும், அதோடு அது ஒரு குடும்பத்தின் ஒரு போக உழைப்பு. வேகத்தைக் குறைத்து, எதிரே வாகனம் வந்தால் நின்று விட்டு, விலத்திப் போங்கள்.

நிழலுக்கு ஒதுங்கலாம், ஆனால் காட்டுக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் ஓரடிகூட உள்ளே வைக்காதீர்கள்.

4. மடு

மடு றோட்டில் பிளேன்ரீயும் பணிசும் முடித்துக்கொண்டு வலப்பக்கம் காட்டுப் பாதையில் திரும்பினால் மடு மாதா கோயில். மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தை ஒல்லாந்தரின் கெடுபிடிக்குப் பயந்து 1670 அளவில் இந்தக் காட்டுக்குக் கொண்டுவந்ததாக வரலாறு. ஆவணித் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் சனம் வரும், ஆகவே அமைதி வேண்டுமென்றால் ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். மரநிழலில் அரை மணித்தியாலமாவது இருந்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.

5. குளமும் கேதீச்சரமும்

முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளம். குளக்கட்டில் ஏறி நின்றால் மறுகரை தெரியாத அளவுக்குத் தண்ணீர், கீழே வயல்கள். அதன் பிறகு உயிலங்குளம் தாண்டித் திருக்கேதீச்சரத்துக்குத் திரும்புங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய சிவன் தலம், பக்கத்தில் பாலாவித் தீர்த்தம். மடு மாதாவின் பழைய இடமான மாந்தையும் இதுதான். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கிறபோது இந்த மண்ணில் எவ்வளவு நடந்திருக்கிறது என்று புரியும். மதியம் நடை சாத்துவதற்கு முன் போய்ச் சேருங்கள்.

6. பாலம்

தள்ளாடி என்கிற இடத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், நடுவே மன்னார்த் தீவுக்குப் போகும் வீதி. சோளக நாட்களில் காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளும். இரண்டு கையாலும் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடித்து, மெதுவாகப் போங்கள், பின்னால் இருக்கிறவர் ஒட்டி இருக்க வேண்டும். படம் எடுக்கப் பாலத்தில் நிற்பாட்ட வேண்டாம், ஓரமாக இடம் கிடைக்கும்வரை பொறுங்கள்.

7. மன்னார்

கோட்டை பாலத்தடியிலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. மதியம் நண்டுக்குழம்போடு சோறு. பிறகு பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் (பாயோபாப்), அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். இரண்டு பேர் கைகோத்தால் அடிமரத்தின் ஒரு பக்கத்தைக்கூட அணைக்க முடியாது. வீதியில் கழுதைகள் குறுக்கே வரும், ஹோன் அடிக்காமல் காத்திருங்கள். தலைமன்னார் இன்னும் 30 கிலோமீற்றர், தங்குவதாக இருந்தால் மட்டும் போங்கள்.

8. திரும்புதல்

அன்றே திரும்புவதென்றால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நிற்க வேண்டாம். இருட்டினால் வீதியில் மாடுகள் படுத்திருக்கும், யானையும் கடக்கும். வரும்போது முடிந்தால் ஆளை மாற்றி ஓட்டுங்கள், லைசன் இருக்கிற மனைவி ஏன் போக வர இரண்டு தரமும் பின்னால் இருக்க வேண்டும்? வீட்டுக்கு வந்த மறுநாள் நல்ல தண்ணீரில் மோட்டார் சைக்கிளைக் கழுவி, செயினுக்கு ஒயில் விடுங்கள். உப்புக்காற்று இரும்பை விடாது.