மாதிரிக் கப்பலுக்கு எந்தக் கொடி?

என் வெள்ளவத்தை வீட்டுக்கு மாதிரிக் கப்பல் செய்யப் பழக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "எந்த ஆண்டுக் கப்பல்?" என்றுதான். மரம் அறுப்பதெல்லாம் அப்புறம்.

118 பீரங்கி கொண்ட பிரெஞ்சுக் கப்பல் 'ஓசியான்' நல்ல தேர்வு. கப்பல் வடிவமைப்பாளர் சானே வரைந்த வடிவம். 1790இல் பிரெஸ்ட் துறைமுகத்தில் நீரில் இறங்கியபோது அதன் பெயர் 'எத்தா த பூர்கோஞ்'. மன்னராட்சி விழுந்ததும், 1793இல் 'கோத்-தோர்', அதே ஆண்டிலேயே 'மொந்தாஞ்'. 1795இல் 'பெப்ள்', உடனே 'ஓசியான்'. பின்புறப் பலகையில் பெயரை ஆண்டு பார்த்தே எழுதுங்கள். பெயரும் கொடியும் பொருந்தாவிட்டால் எனக்கு மனம் கேட்காது.

கொடி இன்னும் சிக்கல். 1790 இறுதியில் வெள்ளைக் கொடி, மூலையில் மட்டும் நீலம், வெள்ளை, சிவப்பு சேர்ந்த மூவர்ணம். 1794 ஆணைப்படி முழு மூவர்ணம், நீலம் கொடிமரப் பக்கம். 1814இல் மன்னர் திரும்ப வெறும் வெள்ளை. 1815இல் நெப்போலியன் திரும்பி வந்து ஆண்ட நூறு நாட்களுக்கு மூவர்ணம், பிறகு திரும்ப வெள்ளை. 1830 புரட்சி மூவர்ணத்தைக் கொண்டுவந்தது.

முதன்முறை செய்பவர் 1809ஐ எடுங்கள்: ஆங்கிலேயர் தீ மூட்டி ஏவிய தீக்கப்பல்களிடமிருந்து 'ஓசியான்' தப்பிய ஆண்டு, மூவர்ணம். புறக்கோட்டையில் மெல்லிய பருத்தித் துணி வாங்கி, கொடியின் வண்ணம் தீட்டி, அது காய்ந்ததும் நீர் கலந்த பசை தடவுங்கள். ஈரம் இருக்கும்போதே மடிப்பு விடுங்கள். கடற்காற்று அடிக்கும் வீட்டில் காய ஓர் இரவு வேண்டும்.