நான்காவது காட்சியும் பிற தவறுகளும்: சிறு அரங்குக்கு நேரம் குறிப்பவர்களுக்கு

புதிதாக ஒற்றைத் திரை அரங்கை எடுத்து நடத்தத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர், சென்ற வாரம் தம் முதல் காட்சிப் பட்டியலை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பகல் 11, பகல் 2, மாலை 5, இரவு 8. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் போட்ட அதே நேரங்கள், அதே மூன்று மணி நேரக் கணக்கு. சில மாதங்களுக்குள் இந்தப் பட்டியலை என்னிடம் நீட்டிய மூன்றாவது ஆள் அவர்.

சுவரொட்டியில் ஒரு நேரமும் டிக்கெட்டில் வேறு நேரமும் அச்சாகிவிடுவது போன்ற பிழைகளை விட்டுவிடுகிறேன். ஒருமுறை அடிபட்டால் யாரும் திருந்திவிடுவார்கள். கணக்குச் சரியாக இருந்தும் காலை வாரிவிடுகிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கடிகாரத்தில் இடம் இருக்கிறதே என்று ஒரு காட்சியைச் செருகுவது

அந்த இளைஞரின் கணக்கு இது. படம் 148 நிமிடம். விளம்பரமும் டிரெய்லரும் 15 நிமிடம். ஆக மொத்தம் 163 நிமிடம், அதாவது 2 மணி 43 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு காட்சி என்றால் 17 நிமிடம் மிச்சம். "அரங்கைப் பெருக்க 17 நிமிடம் போதாதா?" என்று கேட்டார்.

பெருக்குவதற்குப் போதும். ஆனால் இரண்டு காட்சிகளுக்கு நடுவே நடப்பது பெருக்குவது மட்டும் அல்ல. என் அரங்கில் 200 இருக்கைகள், உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே கதவு, கதவைத் திறந்தால் ஒரு நடைவழி, அந்த நடைவழியிலேயே கேன்டீன். கூட்டம் நிறைந்த நாளில் கையில் கடிகாரத்தோடு நின்று அளந்திருக்கிறேன். கடைசி ஆள் வெளியே வர 8 நிமிடம், சுத்தம் செய்ய 10 நிமிடம், அடுத்த கூட்டம் உள்ளே போய் இருக்கை தேடி உட்கார 12 நிமிடம். மொத்தம் 30. பட்டியலில் இருந்ததோ 17. ஒவ்வோர் இடைவெளியிலும் 13 நிமிடம் கடனாகிறது. அந்தக் கடனை அடைக்க அன்றைய பொழுதில் வேறு இடமே கிடையாது.

இதை அளந்து தெரிந்துகொள்வதற்கு முன்பே நான் நான்கு காட்சிகளை அறிவித்துவிட்டேன். அன்றைய படமும் இதே நீளம்தான். அந்தச் சனிக்கிழமை 11 மணிக் காட்சி 1.43க்கு ஒழுங்காக முடிந்தது. 2 மணிக் காட்சி 2.13க்குத் தொடங்கியது, 5 மணிக் காட்சி 5.26க்கு. 8 மணிக்கு என்று டிக்கெட் வாங்கியவர்கள் 8.39க்குத்தான் திரையில் வெளிச்சத்தைப் பார்த்தார்கள்.

அந்த 39 நிமிடமும் அவர்கள் நின்ற இடம் அந்த ஒற்றை நடைவழி. 5 மணிக் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்கள் ஒரு பக்கம், உள்ளே போக நிற்கிறவர்கள் மறுபக்கம். கைத்தடியோடு ஒரு முதியவர் படியிறங்கி வருகிறார். கதவு திறந்துவிட்டது என்று எண்ணி எதிரே கூட்டம் நெருக்குகிறது. எங்கள் ஊழியர் டார்ச் விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வழி விடுங்கள், வழி விடுங்கள்" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த முதியவர் சுவரோடு ஒட்டி நின்று, கூட்டம் அடங்கியபிறகுதான் நகர்ந்தார்.

பண விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட் வசூலில் ஒரு பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும். கேன்டீன் வருமானம்தான் முழுதாக அரங்கின் கைக்கு வருவது. அது படம் ஓடும்போது வருவதில்லை, காட்சிக்கு முந்தைய 20 நிமிடத்தில் வருகிறது. நிம்மதியாக நின்று, சுற்றிப் பார்த்து, குழந்தை கேட்கிறதே என்று வாங்குகிற நேரம் அது. நடைவழி அடைத்துக்கொண்டால் கேன்டீன் பக்கம் யாரும் போக முடியாது. கதவு திறந்ததும் இருக்கையைப் பிடிக்க ஓடுவார்கள். அன்று நான்கு காட்சிகளிலும் சேர்த்து ஆன விற்பனை, மூன்று காட்சி ஓட்டும் சனிக்கிழமையின் விற்பனையைவிடக் குறைவு. நான்காவது காட்சி கொண்டுவந்ததைக் கேன்டீன் விழுங்கிவிட்டது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. கடைசிக் காட்சி 10.43க்கு முடிந்திருக்க வேண்டும். 11.22 வரை இழுத்தது. கடைசி பஸ் 11.10க்கு. நான் அரங்கின் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். 10.55 ஆனதும் முன்னால் இரண்டு தலைகள் எழுந்தன, பிறகு ஒரு வரிசையே எழுந்தது. ஓர் அம்மாள் கதவு வரைக்கும் பின்னோக்கியே நடந்து வந்தார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். என்னைக் கடக்கும்போது, "முடிவு என்ன தம்பி?" என்று கேட்டார். இருட்டில் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். தலையாட்டிவிட்டு ஓடினார். டிக்கெட் வாங்கி வந்த ஒருவருக்குப் படத்தின் முடிவை வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

"அது உங்கள் காலம், இப்போதுதான் எல்லாம் டிஜிட்டல் ஆயிற்றே" என்று சிலர் சொல்கிறார்கள். கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. 2000 அடி ரீல் ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும். அதை மாற்றுவதும் திருப்பிச் சுற்றுவதும் ஆபரேட்டர் அறையின் வேலை. அந்த வேலை போய்விட்டது, உண்மை. 200 பேர் ஒரு கதவு வழியாக வெளியேற ஆகும் நேரம் மட்டும் ஒரு நொடிகூடக் குறையவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். கணக்கைக் காலையிலிருந்து தொடங்காதீர்கள், இரவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கடைசி பஸ் 11.10 என்றால், நடந்து போய்ச் சேரும் நேரத்தையும் விட்டு, படம் 10.45க்குள் முடிய வேண்டும். 163 நிமிடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 8 மணி. அதற்கு முன், அளந்த 30 நிமிடத்தோடு ஐந்து கூட்டி 35 நிமிட இடைவெளி விட்டால், முந்தைய காட்சி 7.25க்குள் முடிய வேண்டும். அப்படியானால் அது 4.42க்குள் தொடங்க வேண்டும், 4.30 என்று வைத்துக்கொள்ளலாம். இப்படியே பின்னால் போனால் பகல் 1 மணி. 1, 4.30, 8 என மூன்று காட்சிகள். 95 நிமிடப் படமாக இருந்தால் 12.30, 3, 5.30, 8 என்று நான்கு காட்சிகள் யாரையும் நெருக்காமல் தாமாகவே வந்து உட்காரும். காட்சிகளின் எண்ணிக்கையைப் படத்தின் நீளமும் கதவின் அகலமும் முடிவு செய்யட்டும். இடைவேளை விடுகிற அரங்கு என்றால் அதையும் 163இல் சேர்த்துக்கொள்ளுங்கள். 35 என்பதும் என் அரங்கின் கணக்குதான், உங்கள் கதவருகே நீங்களே நின்று அளந்து பாருங்கள்.

இளைஞர் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். யோசிப்பார் என்று நம்புகிறேன்.

பெரிய வளாகத்தின் பட்டியலைப் பார்த்து எழுதுவது

எட்டுத் திரை உள்ள வளாகத்தில் புதுப்படம் அரைமணிக்கு ஒருமுறை தொடங்கும். பத்து நிமிடம் தாமதமாக வந்தவர் அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். உங்களிடம் தாமதமாக வந்தவருக்கு அடுத்த காட்சி மூன்றரை மணி நேரம் கழித்துத்தான். ஆகவே அவர்களுடைய 6.30 உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் பகுதியில் வேலை முடிந்து வருகிறவர் எத்தனை மணிக்கு வீடு சேர்கிறார், சாப்பிட்டுவிட்டு வருவாரா சாப்பிடாமல் வருவாரா என்று விசாரித்து நேரம் வையுங்கள்.

படத்தின் குறையை நேரத்தின் தலையில் கட்டுவது

திங்கட்கிழமை வசூலைப் பார்க்கிறோம். பகல் காட்சிக்கு 11 பேர். உடனே பகல் காட்சியைத் தூக்கிவிடத் தோன்றும். அந்தப் படம் பகலில் வரக்கூடியவர்களுக்கான படம்தானா? மாலையிலும் கூட்டம் குறைவாக இருந்ததா? அன்று மழையா, தேர்வு நாளா? ஒரு படத்தை வைத்து ஒரு நேரத்தைத் தீர்த்துக்கட்டக் கூடாது. குறைந்தது நான்கைந்து படங்களாவது அதே நேரத்தில் ஓடட்டும். டிக்கெட் கவுன்டரில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, படம், நேரம், வந்தவர்கள், வானிலை. கூடவே இன்னொரு பத்தி, வந்து கேட்டுவிட்டு டிக்கெட் வாங்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர், எந்த நேரத்தில் வந்தார்கள் என்று. வசூல் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள். என்னுடைய 4.30 மணிக் காட்சியே அந்தப் பத்தியிலிருந்து பிறந்ததுதான்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் பகலில் வேறு படம் போடுவது

புதுப்படத்துக்கு முதல் வாரம் எல்லாக் காட்சிகளையும் தர வேண்டும் என்று விநியோகஸ்தர்கள் நிபந்தனை வைப்பதுண்டு. சில படங்களுக்கு இரண்டு வாரம்கூட. பகலில் குழந்தைகள் படம், இரவில் புதுப்படம் என்று பட்டியல் போட்டுவிட்டு, அதன்பிறகு போனில் அனுமதி கேட்டால் கிடைக்காது. கையெழுத்துக்கு முன்பு கேளுங்கள். சிறு அரங்குக்கு விட்டுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கே.டி.எம். நேரத்தைப் பார்க்காமல் விளம்பரம் கொடுப்பது

படம் வன்தட்டில் வந்துவிட்டது என்றால் ஓட்டலாம் என்று பொருள் அல்ல. வன்தட்டில் வரும் டிஜிட்டல் படக் கோப்புகளான டி.சி.பி. பூட்டிய பெட்டி. கே.டி.எம். என்பது அதன் சாவி. அந்தச் சாவி, படத்தை ஓட்டும் குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு மட்டுமே செல்லும், குறிப்பிட்ட நேரத்தில்தான் திறக்கும், குறிப்பிட்ட நேரத்தில் காலாவதியாகும். வெள்ளிக்கிழமை காலை திறக்கும் சாவியை வைத்துக்கொண்டு வியாழன் இரவுக்குச் சிறப்புக் காட்சி அறிவித்தால், முன்பதிவு செய்தவர்கள் வெறுந்திரையைத்தான் பார்ப்பார்கள். படம் இன்னொரு வாரம் நீடிக்கிறது என்றால் புதுச் சாவியை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். சர்வரை மாற்றியிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு திரைகள் இருந்தால்

இரண்டும் ஒரே நேரத்தில் முடியக் கூடாது. 25 நிமிடமாவது தள்ளி வையுங்கள்.

வாரத்துக்கு வாரம் மாறும் மாலைக் காட்சி நேரம்

வேண்டாம்.

டிக்கெட் விற்றபின் நேரத்தை மாற்றுவது

ஒரே ஒரு டிக்கெட் விற்றிருந்தாலும் மாற்றாதீர்கள்.

இருவர் மட்டும் வந்த காட்சி

ஓட்டுங்கள்.