சேலையை விரிக்கும் முன் ஒரு கேள்வி

சுங்குடிச் சேலை (மதுரையின் புள்ளி போட்ட பருத்திச் சேலை) கடை நடத்துகிறீர்களா? வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் சேலையை விரிக்காமல், "உங்களுக்கா, யாருக்காவது கொடுப்பதற்கா?" என்று முதலில் கேளுங்கள். பாதி மடிப்பு வேலை மிச்சம்.

தனக்கு வாங்குகிறவர் நிறத்தில்தான் முடிவெடுப்பார், விலை பிறகுதான். அவருக்கு மெழுகால் அச்சுக் குத்திச் சாயமேற்றிய சேலையையும் கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய சேலையையும் அருகருகே வையுங்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேடு தட்டியிருக்கும். அதை அவரே விரலால் தடவிப் பார்க்கட்டும். விலை ஏன் கூடுதல் என்று நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருப்பதைச் சொல்லலாம்தான், ஆனால் விரல் சொல்வதைவிட அது குறைவாகத்தான் சொல்லும்.

சீர், அன்பளிப்பு என்று வருகிறவருக்குத் தொகை முன்பே மனதில் இருக்கும். "எவ்வளவுக்குள் பார்க்கலாம்?" என்று கேட்டு, அந்த விலையில் மூன்று மட்டும் எடுத்து வையுங்கள். பத்தை விரித்தால், "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம்" என்று எழுந்துவிடுவார்.

கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் குடும்பமாக வருகிறவர்களிடம் இது எடுபடாது. அத்தைக்கு ஒன்று, மச்சினிக்கு ஒன்று என்று அங்கே ஆளுக்கொரு கணக்கு. ஜமுக்காளத்தை விரித்து, எல்லாவற்றையும் கொட்டத்தான் வேண்டும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்திலும் கேள்வி வேண்டாம். விலைச் சீட்டு வெளியே தெரியும்படி வாசலில் தொங்கவிடுவதே வேகம்.