நடுவரிசை அணி பட்டம் வெல்லுமா? கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் சனிக்கிழமை பிற்பகல் ஆட்டங்கள் நமக்கு அக்டோபர் கடைசி வரை இரவு 7.30, அதன்பின் குளிர்காலம் முழுக்க 8.30. அந்த நேரத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி டீக்கடைகளில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: போன வருஷம் பத்தாவது, பன்னிரண்டாவது என்று நின்ற அணி இப்போது மேலே ஓடுகிறதே, பட்டம் அடிக்குமா? ஆசைப்படுவதில் தப்பில்லை. கணக்குப் போடும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது.

கோப்பையைப் பார்க்கும் கண்ணால் லீக்கைப் பார்ப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். நம் பக்கத்துப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட், அதாவது தோற்றால் வெளியே. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில் நாலு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை கையில். கீப்பர் ஒருவர் நல்ல ஃபார்மில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரும் நம் கண்ணை அப்படித்தான் பழக்கியது. 2015-ல் சென்னையின் எஃப்சி லீக் சுற்றில் மூன்றாமிடம் வந்து, பிறகு நாக்-அவுட் சுற்றில் கோப்பையை வென்றது.

லீக் பட்டம் வேறு ஜாதி. இங்கிலாந்தில் 2013-ல் விகன் அணி மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வீழ்த்தி, நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையை எடுத்தது. அதே சீசனில் லீக்கில் 18-ஆம் இடம் வந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 2025-ல் கிரிஸ்டல் பேலஸும் சிட்டியை அதே 1-0 கணக்கில் வென்று கோப்பை தூக்கியது. லீக்கில் 12-ஆம் இடம். ஆக, பெரிய அணியை ஒரு நாள் தோற்கடித்ததைப் பட்டத்துக்கான சான்றாக எடுக்கவே கூடாது. 20 அணிகள் ஒன்றோடொன்று இருமுறை மோதும் 38 ஆட்டம் என்பது அதிர்ஷ்டத்தைச் சலித்து எடுத்துவிடும் சல்லடை.

எத்தனை புள்ளி வேண்டும் என்று முதலில் எழுதாமல் விடுவது

பேச ஆரம்பிக்கும் முன் ஒரு தாளில் இலக்கை எழுதுங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. 2024-25-ல் லிவர்பூல் 84 புள்ளியில் பட்டம் வென்றது: 25 வெற்றி, 9 டிரா, 4 தோல்வி. அதற்கு முந்தைய வருஷம் சிட்டிக்கு 91. ஆர்சனல் 89 எடுத்தும் இரண்டாமிடம்தான். 2018-19-ல் லிவர்பூல் 97 எடுத்தும் ஒரு புள்ளியில் பட்டத்தைக் கோட்டைவிட்டது. எனவே 84 என்பது சுலபமான வருஷத்தின் விலை.

இப்போது பேலஸின் 2024-25 கணக்கை எடுங்கள். 13 வெற்றி, 14 டிரா, 11 தோல்வி, மொத்தம் 53. 84-ஐ எட்ட 31 புள்ளி கூட வேண்டும். டிராவை வெற்றியாக மாற்றினால் 2 புள்ளி லாபம், தோல்வியை வெற்றியாக மாற்றினால் 3. உதாரணமாக ஐந்து டிராவையும் ஏழு தோல்வியையும் வெற்றியாக மாற்றினால் கணக்கு நேராகும். அப்படியென்றால் பன்னிரண்டு ஆட்டங்களின் முடிவு மாற வேண்டும். ஒரு ஸ்டிரைக்கர் வாங்கினால் நடக்கிற காரியமா இது?

அந்தப் புள்ளி எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் பிரித்துப் பாருங்கள். அட்டவணையின் கீழ்ப்பாதி அணிகள் பத்தோடு 20 ஆட்டம், மேல்பாதியின் மற்ற ஒன்பதோடு 18 ஆட்டம். 84 வேண்டுமானால் கீழ்ப்பாதியிடம் 50 (16 வெற்றி, 2 டிரா), மேல்பாதியிடம் 34 (10 வெற்றி, 4 டிரா) என்பது நியாயமான பங்கீடு. நடுவரிசை அணிகள் சறுக்குவது முதல் பங்கில்தான். அவை பெரும்பாலும் கவுன்டர் அட்டாக்கில் வாழ்பவை. பெரிய அணி ஏறி ஆடும்போது பின்னால் இடம் கிடைக்கும், அடித்துவிடும். பெயர் ஏறியதும் சின்ன அணிகள் பத்துப் பேரைப் பெனால்டி பாக்ஸ் முன் நிறுத்திவிடும். அந்தச் சுவரைப் பொறுமையாகப் பந்து சுற்றி உடைக்கும் மிட்ஃபீல்டர் இருக்கிறாரா, கார்னர், ஃப்ரீகிக்கில் கோல் வருகிறதா? சிட்டியை வென்ற ஆட்டத்தை விட்டுவிட்டு, சொந்த மைதானத்தில் 17-ஆம் இடத்து அணியோடு ஆடியதைப் பாருங்கள். பதில் அங்கே கிடைக்கும்.

பத்து ஆட்டத்து அட்டவணையை நம்புவது

பத்து ஆட்டத்தில் யாரோடு ஆடினார்கள், எத்தனை வெளியூர் என்பது அணிக்கு அணி மாறும். 19 ஆட்டம் முடிந்தால் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆடியிருப்பார்கள். ஒப்பிடச் சரியான இடம் அது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2023-24-ல் 17-ஆம் இடம். அடுத்த சீசனில் 19 ஆட்டத்தில் 37 புள்ளி. எல்லோரும் வாய்பிளந்தார்கள். ஆனால் 37-ஐ இரட்டிப்பாக்கினாலும் 74தான். பட்டத்துக்குப் பத்து குறைவு. பிற்பாதியில் கிடைத்தது 28, மொத்தம் 65, ஏழாமிடம். தப்பில்லாத சீசன்தான் அது. ஆனால் பட்டப் போட்டியில் இருந்தது என்று சொல்ல முடியாது.

கூடவே எக்ஸ்ஜி எனப்படும் எதிர்பார்ப்பு கோல் கணக்கையும் பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பைக் கூட்டிச் சொல்வது அது. பெனால்டிக்குச் சுமார் 0.76 முதல் 0.79, தூரத்திலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு அதில் ஒரு சிறு பங்குதான் வரும். ஒரே ஆட்டத்தின் எக்ஸ்ஜியை வைத்து வாதாடுவது வீண். 19 ஆட்டத்துக்குப் பிறகும் அணி அடித்த கோல் எக்ஸ்ஜியைவிட ஐந்தாறு கூடுதலாக இருந்தால், அந்த வேகம் தாங்காது என்று எடுத்துக்கொள்ளலாம்.

லெஸ்டரை எல்லாவற்றுக்கும் இழுப்பது

இங்கிலாந்தின் லெஸ்டர் அணி 2014-15-ல் 14-ஆம் இடம், அடுத்த சீசனில் 81 புள்ளியோடு பட்டம். அற்புதம், மறுப்பில்லை. ஆனால் என்னென்ன சேர்ந்து வந்தன என்று பாருங்கள். ஐரோப்பியப் போட்டி கிடையாது. இரண்டு உள்நாட்டுக் கோப்பையிலும் சீக்கிரம் வெளியேறியதால் சீசன் முழுக்க 43 ஆட்டம்தான். நடப்புச் சாம்பியனாக வந்த செல்சி 50 புள்ளியோடு பத்தாமிடத்துக்குச் சரிந்தது. இரண்டாமிடம் வந்த ஆர்சனலுக்கு 71 மட்டுமே.

ஸ்டிரைக்கர் வார்டியின் 24 கோலும் விங்கர் மாஹ்ரெஸும் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. பட்டத்தைக் காப்பாற்றியது தடுப்பாட்டம். முதல் ஒன்பது ஆட்டத்தில் ஒன்றில்கூட கோல் விடாமல் இருக்கவில்லை. கோல் விடாவிட்டால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று பயிற்சியாளர் ரனியேரி சொன்ன பிறகு, மீதி 29-ல் 15 ஆட்டம் கோல் விடவில்லை. மார்ச்-ஏப்ரலில் வரிசையாக நாலு ஆட்டம் 1-0. இன்று உதாரணம் காட்டப்படும் அணி அப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறதா?

அதே 81 புள்ளியை 2023-24-ல் ஸ்பெயினில் ஜிரோனா எடுத்தது, அதற்கு முந்தைய சீசனில் பத்தாமிடம் வந்த அணி. ரியல் மாட்ரிட் 95 எடுத்துப் பட்டம் வென்றது, ஜிரோனாவுக்கு மூன்றாமிடம்தான். பிறகு 24 கோல் அடித்த டோவ்பிக் ரோமாவுக்கும், அலெய்க்ஸ் கார்சியா லெவர்குசனுக்கும் போனார்கள். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களும் சேர்ந்தன. அடுத்த சீசனில் 41 புள்ளி, 16-ஆம் இடம். நம் மாந்தோப்புக்காரர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் புதிதல்ல: ஒரு வருஷம் கொட்டிக் காய்த்த மரம் மறுவருஷம் காப்பைக் குறைக்கும். லெஸ்டரும் பட்டத்துக்கு அடுத்த சீசனில் மிட்ஃபீல்டர் கான்டேயை செல்சிக்கு விட்டுவிட்டு 44 புள்ளியில் நின்றது. ஐரோப்பிய ஆட்டமே இல்லாத செல்சி, அதே கான்டேயோடு 93 எடுத்து பட்டம் வென்றது.

பதினோரு பேரை மட்டும் எண்ணுவது

2022-23 முதல் ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள். பெஞ்ச் கனமான கிளப்புக்கு இது லாபம். நீங்கள் ஆதரிக்கும் அணியில் 12 முதல் 16 வரையான ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்ல வருகிறதா என்று பாருங்கள். ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தால் முதல் சுற்றிலேயே எட்டு ஆட்டம் (கான்ஃபரன்ஸ் லீக் என்றால் ஆறு) கூடும். யூரோப்பா லீக், கான்ஃபரன்ஸ் லீக் என்றால் வியாழன் இரவு ஆடிவிட்டு ஞாயிறு லீக். டோட்டன்ஹாம் 2025-ல் யூரோப்பா கோப்பையை வென்றது, லீக்கில் 38 புள்ளியோடு 17-ஆம் இடம். ஆட்டக்காரர் சந்தை மறுபடி திறக்கும் ஜனவரியில் நாலு பேரை வாங்கிச் சரிசெய்யலாம் என்றால் பணம் மட்டும் போதாது: கிளப்பின் மூன்று வருஷ நஷ்டத்துக்கு அப்போது வரம்பு வைத்திருந்த பிரீமியர் லீக் விதி ஃபாரஸ்டிடமிருந்து 2023-24-ல் நாலு புள்ளியைப் பறித்தது.